கண்டித் தெருக்களில் ஒளிந்திருக்கும் வரலாறு: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நடைவழி

கண்டிக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ புதிதாக வருகிறவர்களை எல்லாரும் முதலில் கூட்டிப்போவது புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குத்தான். அப்புறம் வாவியைச் சுற்றி ஒரு நடை, மரத்தடியில் நாலு படம், திரும்ப பஸ். கண்டி பார்த்தாயிற்று. தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் தமிழர் கதை எங்கே இருக்கிறது என்று கூட்டிப்போனவரிடம் கேட்டால், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலைச் சொல்வார், அதோடு சரி.

கதை நிறைய இருக்கிறது. பெயர்ப்பலகை வைத்துச் சொல்ல ஆளில்லை. கண்டி தமிழரை அரண்மனை வாசலால் வெளியே அனுப்பிய ஊர். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வடக்கு வீதி வழியாக வேறு தமிழரை உள்ளே கூட்டி வந்த ஊரும் இதுதான். போனவர்கள் ராஜாவின் உறவுக்காரர்கள், வந்தவர்கள் கோப்பித் தோட்டக் கூலிகள். அந்த இரண்டு வாசல்களுக்கும் இடையில் நடப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. நகரத்துக்குள் இருப்பதை ஒரு நாளில் ஆறுதலாகப் பார்க்கலாம். வெளியே இருப்பதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

போயா தினமும் (பௌர்ணமி) பெரஹரா ஊர்வலக் காலமும் வேண்டாம். கூட்டத்தில் சுவரைக்கூடப் பார்க்க முடியாது. சாதாரண வேலைநாளில், கடைகள் திறக்குமுன் தொடங்குவது நல்லது. ஷட்டர் மூடியிருக்கும்போது தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கலாம், யாரும் இடிக்க மாட்டார்கள். மாளிகை வளவுக்குள் சோதனை உண்டு. முழங்காலும் தோளும் மறைகிற உடை, கழற்றுவதற்குச் சுலபமான செருப்பு, அடையாள அட்டை மூன்றும் இருக்கட்டும். ஒரு கொப்பி, பென்சில். கைபேசியில் கண்டியின் பழைய வரைபடம் ஒன்றைச் சேமித்துக்கொண்டு போங்கள், பிரித்தானியர் காலத்துத் தெருப் பெயர்கள் உள்ளதாக. குடை சொல்லத் தேவையில்லை.

முதலில் குட்செட்

மாளிகையிலிருந்து தொடங்காதீர்கள். ஹட்டன், நாவலப்பிட்டி, நுவரெலியா பக்கத்து பஸ்களில் வருகிறவர்கள் நெடுங்காலமாக இறங்கிவந்தது குட்செட்டில். அங்கிருந்தே தொடங்கலாம். கோச்சி ஸ்டேசனுக்குப் பக்கத்தில், ரயில்வே சாமான் களஞ்சியம் இருந்த இடம் இது. என்ன சாமான் என்று கேட்டால் கதை தொடங்கிவிடும்.

கொழும்பிலிருந்து ரயில் பாதை கண்டிக்கு வந்து சேர்ந்தது 1867இல். அதற்கு முன் மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கி நாட்கணக்கில் போகும். மழை பிடித்தால் இன்னும் தாமதம். தோட்டக்காரத் துரைமார் வருடக்கணக்காக நச்சரித்துத்தான் பாதை வந்தது. பாதை வந்து இரண்டு வருடத்தில், 1869இல், மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. ரயில் வந்த அதே 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில் கடைசியில் ஓடியது தேயிலைப் பெட்டி. பாதை மேலேயும் ஏறியது: நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. உங்கள் ஊர் ஸ்டேசன் எந்த வருடம் வந்தது என்று பார்த்தால், அந்தப் பக்கத்துத் தேயிலை எப்போது பெருத்தது என்பதும் ஓரளவு பிடிபடும்.

ஸ்டேசனுக்குள்ளும் ஒரு தடவை போங்கள். 1964 அக்டோபரில், நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று கணக்குப் போட்டார்கள். மலைநாட்டு ஸ்டேசன்களில் இருந்து தலைமன்னார் நோக்கிப் போன கோச்சிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பிளாட்பாரத்தில் அதைச் சொல்லும் கல் ஒன்றும் இல்லை. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் யார் யார் எந்த ஸ்டேசனில் ஏறினார்கள் என்று கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்த நடையில் நீங்கள் சேர்க்கப்போகும் வரலாற்றில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பகுதி அதுதான்.

போகம்பறை: காலடியில் குளம்

ஸ்டேசனிலிருந்து மாக்கட் பக்கம் நடந்தால் இடம் தட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். மலை ஊரில் இவ்வளவு தட்டையான நிலம் சும்மா கிடைக்காது. இப்போதைய வாவிக்குக் கீழே இன்னொரு குளம் இருந்தது. அதை நிரப்பித்தான் பிரித்தானியர் திடலாக்கினார்கள். பழைய ஊரில் தட்டையான நிலத்தைக் கண்டால், வயலா, குளமா, சவக்காலையா என்று கேட்டுப் பழகுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1848இல் பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சியில் பிடிபட்ட தலைவர் புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக்கொன்றது போகம்பறையில். நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டு அந்தக் கிளர்ச்சியைக் கிளப்பிவிட்டவர் ஆளுநர் டொரிங்டன். அவர் பெயர் டொரிங்டன் பஸ் தரிப்பிடம் என்று சனங்களின் வாயில் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயர்கள் நியாயம் பார்த்து நிலைப்பதில்லை.

போகம்பறைச் சிறைச்சாலை 1876இல் கட்டியது. 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். வெளிச்சுவரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், போதும். மணிக்கூட்டுக் கோபுரம் 1950இல் வந்தது. இளம் வயதில் மகனைப் பறிகொடுத்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் அவன் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. "மணிக்கூட்டடியில் நில்" என்று தினமும் சொல்கிறோம். கல்வெட்டைப் படிக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

தெருப் பெயரை இரண்டு பத்தியில் எழுதுங்கள்

கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்றைய பெயர், வலப்பக்கம் பழைய பெயர். தலதா வீதிக்கு எதிரே வார்ட் ஸ்ட்ரீட், அதாவது 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த ஹென்றி வார்ட். டி.எஸ். சேனாநாயக்க வீதிக்கு எதிரே ட்ரிங்கோமலி ஸ்ட்ரீட். கொட்டுகொடெல்ல வீதிக்கு எதிரே காசல் ஹில் ஸ்ட்ரீட். வயதானவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். பழைய உறுதிகளிலும் கடிதத் தலைப்புகளிலும் அதுதான் இருக்கும். இந்த இரண்டு பத்தியும் கையில் இல்லாமல் பழைய காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்டியில் முகவரி தேடினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பழைய வரைபடத்தில் மலபார் வீதி என்று ஒன்று கிடைக்கும். சிங்களத்தில் குமாருப்பே வீதி. இதற்கு நட்சத்திரம் போட்டு வையுங்கள். கண்டியின் கடைசி நாலு ராஜாக்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குலம். தெலுங்கு வேர், தமிழோடு பழக்கம். ஸ்ரீ விஜய ராஜசிங்கன் 1739இல் சிம்மாசனம் ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி ராஜசிங்கன், கடைசியில் 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருமுன் அவன் பெயர் கண்ணுசாமி. இந்த ராஜாக்களோடு வந்த மைத்துனன், மாமன், பெண் கொடுத்தவர்கள் எல்லாரும் குடியிருந்த தெருதான் அது. அன்றைய ஆங்கிலேயர் வாயில் தமிழர் எல்லாருமே மலபார்.

தெருவில் நடக்கும்போது கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள். கீழ்த்தளம் வருடத்துக்கொருமுறை மாறும். மேல்மாடியை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. மரக் கம்பி வைத்த ஜன்னல், சுண்ணாம்புப் பூவேலை, ஓட்டு விளிம்பு, சில இடங்களில் நெற்றியில் கட்டிய ஆண்டு. பழைய வரிசைக்கு நடுவே ஒன்றிரண்டு கட்டடம் மட்டும் முழுக்கப் புதிதாக நின்றால், காரணம் வியாபாரம் பெருத்ததாக இருக்கலாம். 1983 ஜூலையாகவும் இருக்கலாம். அந்த வாரம் கண்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. கடைக்காரரிடம் நேரடியாக அதைக் கேட்காதீர்கள். "கடை எத்தனை வருசமாக இருக்கு ஐயா?" என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் தானாகச் சொல்வார்.

வாவி: அழகைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள்

வாவி இயற்கையானது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது வயல். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் 1807இல் அணை தொடங்கி 1812இல் முடிந்தது. அரச கட்டிட நிபுணர் தேவேந்திர மூலாச்சாரி. மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் கைவேலைதான். வேலை செய்தவர்கள் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் வந்த ஊர்ச் சனங்கள். எதிர்த்தவர்களை ராஜா குளத்தின் நடுவிலேயே கழுவேற்றினான் என்று ஒரு கதை சொல்வார்கள். கொப்பியில் எழுதும்போது பக்கத்தில் "கதை" என்று குறித்து வையுங்கள்.

கரையில் அலை அலையாக வளைந்து ஓடும் வெள்ளைச் சுவர் வலாகுளு பம்மா, முகில் சுவர். அருகே போய்ப் பாருங்கள். முக்கோண ஓட்டைகள் வரிசையாக இருக்கும், விளக்கு வைப்பதற்கு. சுவரோடு கையை வைத்துக்கொண்டு நடந்தால் ஓரிடத்தில் அலை நின்றுபோகும். ராஜா பிடிபட்டதோடு வேலையும் நின்றது. ஒரு ராச்சியம் விழுந்ததை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு அடையாளம் கண்டியில் இல்லை என்பது என் எண்ணம்.

மாளிகைக்கு எதிரே தண்ணீரில் கால் வைத்து நிற்கிற கட்டடம் ராணிமார் குளித்த இடம். பிரித்தானியர் மேலே மாடி எடுத்து நூலகமாக்கினார்கள். நடுத்தீவை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். கட்டடத்தை இடிக்காமல் வேலையை மட்டும் மாற்றுவது அவர்கள் கண்டியில் திரும்பத் திரும்பச் செய்தது. எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் "இதற்கு முன் இது என்னவாக இருந்தது, அதற்கு முன்?" என்று இரண்டு தடவை கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் பிரித்தானியர் காலத்தோடு நின்றுவிடுவீர்கள்.

மகுல் மடுவவும் ஒரு காகிதமும்

இந்த நடையில் அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். மாளிகை வளவில் மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் திறந்த மண்டபம் மகுல் மடுவ. ராஜாதி ராஜசிங்கன் 1783இல் தொடங்கினான், ஸ்ரீ விக்கிரமன் முடித்தான். தூணின் செதுக்கல்களைப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்குள் நின்று 1815 மார்ச் 2ஆம் திகதியை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜா பெப்ரவரி 18இல் மெதமஹநுவரப் பக்கம் பிடிபட்டுவிட்டான். பிரதானிகளும் ஆளுநர் பிரவுன்ரிக்கும் கூடி, ராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை வாசித்தது இந்த இடத்தில். ராஜா அடுத்த வருடம் வேலூருக்குக் கப்பலேற்றப்பட்டு, 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவன் நினைவிடம்.

அங்கிருந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். முன்பு அது ராணிமார் இருந்த பல்லே வாசல. உள்ளே தந்தமும் வாளும் நகையும் இருக்கின்றன, அவசரமாகவே பார்க்கலாம். நீங்கள் தேட வேண்டியது ஒப்பந்தத்தின் பிரதி. கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் கீழே உள்ள கையொப்பங்களைப் பாருங்கள். பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் கலந்திருப்பதாக நெடுங்காலமாகப் பேச்சு. யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எழுத்தெழுத்தாக நீங்களே கூட்டி வாசித்துப் பாருங்கள். கண்டி அரசவையில் தமிழ் எவ்வளவு தூரம் புழங்கியது என்று அந்த நாலு வரியை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள்.

கையொப்பத்தில் மயங்கி எல்லாரும் தவறவிடுவது மூன்றாவது சரத்தை. ராஜாவின் இரத்த உறவோ சம்பந்த உறவோ உள்ள, அல்லது அப்படிச் சொல்லிக்கொள்ளும் ஆண்கள் எல்லாரும் கண்டிப் பிரதேசத்தின் விரோதிகள் என்று அறிவிக்கிறது அது. எழுத்தில் அனுமதி இல்லாமல் அவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. வைத்தால் இராணுவச் சட்டம். அதோடு நிற்கவில்லை. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் எவரும் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். நட்சத்திரம் போட்டு வைத்த தெரு காலியானது இந்த வரியால்.

இனிக் கணக்கைப் பாருங்கள். சரத்து எழுதியது 1815. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியது 1820களின் முதற்பாதி. கன்னொருவவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே தோட்டம் போட்டார். கண்டி விவசாயிக்குத் தன் வயல் இருந்தது, கூலிக்கு நிற்க மனமில்லை. ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. பத்திரத்தில் கதவைச் சாத்தின அரசாங்கமே, ஆள் தேவைப்பட்டதும் கங்காணியை அனுப்பிக் கூப்பிட்டது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் மிச்சத் தெருக்கள் வேறு மாதிரித் தெரியும்.

தேவாலயங்களைச் சுருக்கமாக

மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம். 14ஆம் நூற்றாண்டு, கண்டியில் நிற்கும் கட்டடங்களில் இதுதான் மூத்தது. பக்கத்தில் பத்தினி தேவாலயம். பத்தினி யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணகி அம்மன்தான். விஷ்ணு தேவாலயம் வீதியைக் கடந்தால். நாலாவதான கதிர்காம தேவாலயத்தைப் பலர் காணாமலே தாண்டிவிடுவார்கள். கொட்டுகொடெல்ல வீதியில் கடைகளுக்கு நடுவே வர்ணம் பூசிய வாசல் ஒன்று நிற்கும், அதற்குள் நுழைய வேண்டும். பெரஹராவில் இந்த நாலு தேவாலயங்களும் தங்கள் வரிசையில் போகும். தலதாவை முன்னுக்குக் கொண்டுவந்து இப்போதைய ஒழுங்கை ஏற்படுத்தியது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து பிக்கு பரம்பரையை மீட்டவனும் அவன்தான். பௌத்த மறுமலர்ச்சிக்குத் தாராளமாகச் செலவழித்தவன் ஒரு நாயக்கர் ராஜா என்பது இரு பக்கத்திலும் கொஞ்சம் அடக்கியே பேசப்படுகிறது.

பிள்ளையார் கோயில், மாரியம்மன் கோயில் என்று எங்கே போனாலும் கும்பிட்ட பிறகு சுவரைப் பாருங்கள். உபயக் கல் இருக்கும்: தோட்டத்தின் பெயர், ஊர், கடையின் விலாசம், வருடம். மணியில், விளக்கில், படிக்கட்டில்கூட எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், இங்கே என்ன வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கஷ்டம். படம் எடுக்குமுன் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கெரிசன் மயானம்

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு ஏற்றப் பாதை பிரித்தானியரின் பழைய சவக்காலைக்குப் போகும். சின்ன இடம், நன்றாகப் பராமரிக்கிறார்கள். காவலாளி கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்றால் அதிர்ஷ்டம். கல்லில் வயதைப் பாருங்கள்: இருபத்துச் சொச்சம், முப்பத்துச் சொச்சம், கைக்குழந்தை. காய்ச்சலும் வாந்திபேதியும் துரைமாரையும் விடவில்லை. 1815 ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்து காய் நகர்த்திய பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி 1824இல் இறந்து இங்கேதான் கிடக்கிறார். 1856இல் யானை அடித்து இறந்த ஒருவரின் கல்லும் உண்டு, எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள்.

படித்துவிட்டு எழுதப்படாததையும் கணக்கில் எடுங்கள். அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட மைல் நடந்து, மாத்தளைக்கு வந்து சேராமலே வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ ஆயிரம். அவர்களுக்குக் கல் இல்லை. இந்தச் சவக்காலையைப் பார்த்துவிட்டு வரும்போது எனக்கு இரக்கத்தோடு கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்தேதான் வரும்.

வடக்கு வாசல்: சேனாநாயக்க வீதியிலிருந்து மஹியாவ வரை

சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் டி.எஸ். சேனாநாயக்க வீதியில் வடக்கே நடங்கள். பழைய ட்ரிங்கோமலி ஸ்ட்ரீட் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? மாத்தளை, தம்புள்ளைப் பக்கம் போகிற வழி. மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மாத்தளை தாண்டி கண்டிக்கு இறங்கியது இந்தத் திசையிலிருந்து. 2023இல், மலையகத் தமிழர் வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை திரும்ப நடந்தார்கள். நீங்கள் நடக்கிற துண்டு அதன் தொடர்ச்சி.

மஹியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1892 மே 2, வயது 57. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் அவரை சாமி துரை என்று கூப்பிட்டார்களாம். பாரமான ஆள். லூல்கந்துரவிலிருந்து கண்டி வரை, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு செட் தொழிலாளர் மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த இருபத்துநாலு பேரில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

மயானத்தோடு திரும்பிவிடாதீர்கள். கண்டி மாநகர சபை 1865இல் வந்தது. ஊரைக் கூட்டவும் கானைக் கழுவவும் சபைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மஹியாவவில்தான் நெருக்கமான குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மலையகம் என்றதும் நாம் லயத்தையும் கொழுந்தையும் மட்டும் நினைப்பதால், நகரத்துத் தொழிலாளர் நம் கணக்கிலேயே வராமல் போய்விட்டார்கள். இங்கே கமராவைப் பைக்குள் வையுங்கள். அது காட்சிப் பொருள் அல்ல, வீடு. தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரோடு போங்கள். இல்லாவிட்டால் கடையில் ஒரு பிளேன்டீ குடித்து, பேச்சு வந்தால் பேசுங்கள்.

கேள்விப்பட்டதைச் சரிபார்ப்பது

கண்டியில் கதைக்குப் பஞ்சமில்லை. சுரங்கப் பாதை, புதைத்த பொன், சாபம் எல்லாம் ஓட்டோக்காரரிடமே கிடைக்கும். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணால் பார்த்தது, காகிதத்தில் வாசித்தது, காதால் கேட்டது. காகிதத்துக்கு முதலில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம். பழைய தோட்டப் பெயர், ஏக்கர், துரை பெயர் வேண்டுமானால் ஃபெர்குசன் டைரக்டரி என்ற வருடாந்தத் திரட்டைக் கேளுங்கள். அதில் தொழிலாளர் பெயர் இருக்காது, துரையின் பெயர் மட்டும்தான். அதற்குமேல் தேவைப்பட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று தொடங்கினால் ஒன்றும் வராது, ஸ்கூல் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வார். "கண்டிக்கு முதல் தடவை எதுக்கு வந்தீங்க, எங்கே இறங்கினீங்க?" என்று கேளுங்கள். பாஸ்போட்டுக்கு வரிசையில் நின்றது, பெரியாஸ்பத்திரிக்கு வந்தது, தீபாவளிக்குப் புடவை எடுத்தது என்று தெரு தெருவாக வரும். பழைய பாஸ்போட், பிரஜாவுரிமைச் சான்றிதழ், தோட்டத்துச் செக்ரோல் (பேர்ப் பதிவு) துண்டு ஏதாவது பெட்டியில் இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

காலையில் கடுகண்ணாவை. கொழும்பு–கண்டி வீதியைப் போட்ட பொறியியலாளர் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் உச்சியில் நிற்கிறது. குடைந்த பாறை வழி கொஞ்சம் கீழே. வீதியை வெட்டியவர்களுக்குக் கோபுரம் உண்டா என்று கேட்கத் தோன்றும், கேளுங்கள். திரும்பும்போது பேராதனையில் இறங்கலாம். மகாவலிக்குக் குறுக்கே ஒற்றை வளைவாக முதிரை மரத்தில் கட்டிய பழைய பாலம் 1905 வரை நின்றது. இப்போதையது அதற்குப் பின் வந்தது. பக்கத்துப் பூங்காவிலிருந்துதான் 1944 முதல் நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் போரை நடத்தினார். 1952இல் பல்கலைக்கழகம் இந்தப் பக்கம் வந்தது.

பின்னேரம் ஹந்தானை. 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் இப்போது தேயிலை அருங்காட்சியகம். டெய்லரின் பொருட்களும் பழைய இயந்திரங்களும் மாடி மாடியாக இருக்கின்றன. உருளை எப்படிச் சுற்றும், கொழுந்து எப்படி வாடும் என்று விளக்குவார்கள், நன்றாகவே விளக்குவார்கள். கொழுந்தெடுத்தவர்களைப் பற்றி அங்கே கிடைப்பது கொஞ்சம். அதற்குத்தான் கொப்பியின் முதல் பக்கம்.

மாத்தளைக்கு தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத் தேர்த் திருவிழா சமயம் போனால் கூட்டம் தாங்காது, ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் போக வேண்டும். லூல்கந்துரவுக்கு கலஹா, தெல்தோட்டை வழியாக ஏறலாம். மேலே கடை குறைவு, கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். திரும்பி வருகிற நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.